பதிவேட்டில் எதுவும் இல்லை

மயிலாப்பூர்
4 ஆகஸ்ட் 2025

திரு. வைரவன் அவர்களுக்கு,

‘அண்ணா’ன்னு ஆரம்பிச்சே பழகின கை. எழுதிட்டு அடிச்சேன். மேலே கறுப்பா இருக்கே, அது அந்த இடம்தான். வேற காகிதம் எடுக்கலாம்னு பார்த்தேன், நீங்களும் பார்க்கட்டும்னு விட்டுட்டேன்.

உங்க நம்பரை ஜனவரியிலேயே பிளாக் பண்ணியாச்சு. என் பொண்ணு ஹம்சினியோட ஆண்டு நிறைவுக்கு வெள்ளிக் கொலுசும் கையுமா கீழே வந்து நின்னேள், வாட்ச்மேனை விட்டுத் திருப்பி அனுப்பினேன். அப்போ எனக்கு வெறும் சந்தேகம்தான். விசாரணைக் குழு சொன்ன முடிவு அதுக்கு மூணு வாரம் முன்னாடி வந்திருந்தது. ‘விமானியின் கவனக்குறைவு.’ என் ஆத்துக்காரர் வத்சன் பதினோரு வருஷம் விமானம் ஓட்டினதை ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டா. அந்தக் குளிர்ல, அந்த விமானத் தளத்துல, எங்களுக்குன்னு இருந்த ஒரே மனுஷர் நீங்க. நீங்க இருந்துமா இப்படின்னு ஆத்திரம், அவ்வளவுதான்.

இப்போ சந்தேகம் இல்லை. வக்கீல் அனந்தராமன் மாமா மனு மேல மனுவாப் போட்டு, சாட்சிகள் சொன்னதோட நகலை வாங்கிட்டார். முப்பத்தேழாம் பக்கத்துல நீங்க இருக்கேள். ‘இடது எஞ்சினின் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள்ளில் இதற்கு முன் கோளாறு இருந்ததா?’ இது கேள்வி. ‘பதிவேட்டில் எதுவும் இல்லை.’ இது உங்க பதில். அதுக்கப்புறம் உங்களை ஒண்ணுமே கேட்கலை. எழுந்து வந்துட்டேள்.

முள் கீழே இறங்கி நாலு நிமிஷம் ஆகியும் வத்சன் அதைக் கண்டுக்கலையாம். எஞ்சினை நிறுத்தித் திரும்பியிருந்தா விமானத்துல இருந்த அஞ்சு பேரும் பிழைச்சிருப்பாளாம். ரிப்போர்ட் அப்படித்தான் சொல்றது. பால் பொங்கறதுக்கு முன்னாடி ஓடி வந்து கேஸை அணைக்கிற மனுஷன் அவர். அவரா நாலு நிமிஷம் பார்த்துண்டு சும்மா இருந்தார்?

மறுபரிசீலனை மனுவுக்கு செப்டம்பர் முப்பது கடைசித் தேதி. உங்களுக்கு என்ன தெரியும்னு எழுத்துல வேணும். வாயால சொன்னதெல்லாம் போதும்.

ஸ்ரீரஞ்சனி

தி. நகர்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரஞ்சனித் தங்கச்சிக்கு,

வைரவன் எழுதுறது. மயிலாப்பூர்ல போட்ட கடிதம் தி. நகர் வந்து சேர நாலு நாள் ஆயிருக்கு. நடந்தே வந்திருந்தா ஒரு மணி நேரம். பரவாயில்லை, திட்டறதுக்காவது எழுதினீங்களே.

நான் இப்ப மச்சினன் சுரேஷ்குமார் ஜவுளிக்கடையில இருக்கேன். லிஃப்டும் ஜெனரேட்டரும் என் பொறுப்பு. இருபத்தேழு வருஷம் ஏரோப்பிளேன் பழுது பார்த்த கை, இப்ப நாலு மாடி லிஃப்டுக்கு எண்ணெய் போடுது. அது கிடக்கட்டும்.

தங்கச்சி, ஒரு விமானம் ஏன் விழுந்துச்சுன்னு ஒத்தைக் காரணம் சொல்லவே முடியாது. அந்த வண்டிக்கு வயசு நாப்பத்தொண்ணு, வத்சன் சாரை விட ஏழு வயசு மூப்பு. நாங்க அதைப் ‘பெருசு’ன்னுதான் கூப்பிடுவோம். அதுக்கு உதிரி பாகம் செய்யுற ஆளே உலகத்துல இல்லை. மைதானத்து ஓரமா செத்துக் கிடக்குற இன்னொரு வண்டியிலருந்து கழட்டி இதுல மாட்டுவோம். எண்ணெய்க் குழாய் வெடிச்சிருக்கலாம். சீல் தேய்ஞ்சு போயிருக்கலாம். அன்னைக்கு மலைமேல மேகம் அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு, திரும்ப இடம் கிடைச்சிருக்காது. பாரமும் ஜாஸ்தி. பறவை மோதியிருக்கலாம். எரிபொருள்ல தண்ணி இருந்திருக்கலாம். இதுல எதுன்னு விழுந்து எரிஞ்ச பிறகு யாரு சொல்ல முடியும்?

என்னைக் கேட்டாங்க. பதிவேட்டில இல்லைன்னேன். இல்லாததை இல்லைன்னுதானே சொல்லணும்? நான் பொய் சொல்லலை.

பாப்பா நடக்குதா? கொலுசு இன்னும் என் பெட்டியிலதான் இருக்கு.

வைரவன்

மயிலாப்பூர்
16 ஆகஸ்ட் 2025

திரு. வைரவன் அவர்களுக்கு,

என்னைத் தங்கச்சின்னு எழுதாதீங்கோ.

மேகம், பறவை, தண்ணி, சீல், குழாய், பாரம். விரல் விட்டு எண்ணினேன், ஆறு காரணம். ஆறுலயும் நீங்க இல்லை. வெகு சாமர்த்தியம்.

நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்கோ. விபத்துக்கு முந்தின நாள், புதன்கிழமை மத்தியானம் வத்சன் போன் பண்ணினார். நான் மாடவீதியில வளையல் வாங்கிண்டிருந்தேன், இரைச்சல்ல பாதி கேட்கலை. ‘இந்தப் பெருசு இன்னிக்கும் முள்ளை ஆட்டி விளையாடறது ரஞ்சு, பொய் சொல்றதே பொழப்பாப் போச்சு’ன்னு சிரிச்சார். எனக்கு என்ன புரியும்? பயமா இருக்கான்னு கேட்டேன். ‘வைரவன் அண்ணா இருக்கார், எனக்கென்ன பயம்’னார்.

அப்போ அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். புஸ்தகத்துக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?

இன்னொண்ணும் கேளுங்கோ. கூட ஓட்டின கரீமுல்லாவோட மனைவி ஜஹனாரா அடையாறுல இருக்கா. முடிவு வெளியில வந்த அன்னிக்கு எனக்கு போன் பண்ணினா. அழலை, கத்தலை. ‘உங்க வீட்டுக்காரர் அந்த முள்ளைப் பார்த்திருந்தா எங்க வீட்டுக்காரர் இருந்திருப்பார் இல்லையா?’ன்னு கேட்டா. போனை வெச்சுட்டேன். அதுலேர்ந்து அடையாறு பஸ்ஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கறேன். வத்சன் படிச்ச ஸ்கூல்ல அவர் படம் மாட்டறதா இருந்தது. ‘கொஞ்ச நாள் போகட்டுமே’ன்னு நாசூக்கா ஒரு கடுதாசி. என் மாமனார் ராமானுஜம் அதைப் படிச்சு மடிச்சு பஞ்சாங்கத்துக்குள்ள வெச்சுட்டார். பிள்ளை பேரையே இப்போ ஆத்துல எடுக்கறதில்லை.

நாளைக்கு ஹம்சினி படிக்கக் கத்துப்பா. அப்பா பேரைத் தேடினா அந்த ரெண்டு வார்த்தைதான் கிடைக்கும். அது அங்கே இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவே.

முள் பொய் சொல்றதுன்னு அவருக்கு யார் சொன்னா? இதுக்கு மட்டும் பதில் எழுதுங்கோ.

ஸ்ரீரஞ்சனி

தி. நகர்
27 ஆகஸ்ட் 2025

மேடம் அவர்களுக்கு,

நான்தான் சொன்னேன்.

ஒரு வாரமா இந்த ஒரு வரியைத்தான் எழுதிக்கிட்டிருந்தேன். இனிமே மிச்சத்தையும் சொல்லிடுறேன்.

ஏழெட்டு மாசமாவே அந்த முள்ளு அப்படித்தான். திடீர்னு விழும், கண்ணாடியைத் தட்டினா எழுந்துக்கும். செத்த வண்டியிலருந்து வேற முள்ளு மாத்திப் பார்த்தேன், ரெண்டு வாரம் ஒழுங்கா இருந்துட்டு அதுவும் அதே ஆட்டம். எஞ்சினைத் தொட்டுப் பார்த்தா நல்லா இருக்கு, எண்ணெய் அளவும் சரி. அதனால ‘முள்ளு பொய் சொல்லுது சார், கண்டுக்காதீங்க’ன்னு சொன்னேன். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொல்லியிருப்பேன். சார் நம்பினார்.

ஏன் எழுதலைன்னு கேப்பீங்க. எங்க பொழப்பு அப்படி மேடம். பதிவேட்டில கோளாறுன்னு ஒரு வரி ஏறிட்டா அது சரியாகுற வரைக்கும் வண்டி நகரக் கூடாது. சரி பண்ண சாமான் வேணும். சாமான் எட்டு மாசமா வரலை. மலைமேல காவல் இருக்குற பட்டாளத்துப் பையன்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் இந்த வண்டியிலதான் போகணும். அதனால பெரிய கோளாறைப் புத்தகத்துல எழுதுவோம், சின்னதை வாயால சொல்லிக்குவோம். ஓட்டுறவர் காதுல சொல்லுவார், நாங்க ராவோட ராவா சரி பண்ணிடுவோம். மேல இருக்குறவங்களுக்கும் இது தெரியும், தெரியாத மாதிரி இருப்பாங்க. வாயால சொல்ற ஆள் மேல நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம். சார் என்கிட்ட வாயாலதான் சொல்லுவார், எனக்கு அதுல ஒரு பெருமைகூட.

விசாரணைக்கு முந்தின நாள் மேல இருக்குற ஒருத்தர் கூப்பிட்டு ‘புத்தகத்துல என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லு, உன் வேலை முடிஞ்சுது’ன்னார். சொன்னேன். அம்பது வயசுல உள்ள போகணுமான்னு பயந்தேன். என் மக அனுப்பிரியாவுக்கு வர்ற தை மாசம் கல்யாணம். இதெல்லாம் சாக்குன்னு எனக்கே தெரியும்.

இதை உங்களுக்கு எழுதிட்டேன். கோர்ட்டுக்கு எழுதச் சொல்லாதீங்க. காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.

வைரவன்

மயிலாப்பூர்
30 ஆகஸ்ட் 2025

வைரவன் அவர்களுக்கு,

உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க இருந்து தாரை வார்ப்பேள். சந்தோஷம். என் பொண்ணுக்கு யாரு?

சீமந்தத்துக்கு எடுத்த புடவை இன்னும் பெட்டியோட பீரோவுல இருக்கு. அரக்குல மாம்பழக் கலர் பார்டர். நீங்க இப்போ வேலை பார்க்கற தெருவுலதான் வாங்கினேன். ஏழு மாசம், காலெல்லாம் வீக்கம், நாலு கடை ஏறி இறங்கினேன். சீமந்தம் புருஷன் பண்ணி வைக்கற காரியம், அவர் இல்லாம நடக்காது. ஞாயித்துக்கிழமை வெச்சிருந்தோம். வியாழக்கிழமை செய்தி வந்தது. பந்தல்காரன் வெள்ளிக்கிழமை வந்து கட்டினதைப் பிரிச்சுண்டு போனான். சாமானை ஏத்திண்டு போறப்போ ‘அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிடுங்கம்மா’ன்னான், பாவம், அவனுக்கு யாரும் சொல்லலை போல.

காலைப் பிடிக்கறேன்னு எழுதியிருக்கேள். செத்தவர் பேர் மேல ஏறி நின்னுண்டு என் காலை எப்படிப் பிடிப்பேள்? முதல்ல இறங்குங்கோ.

எழுதித் தரலைன்னாலும் இந்தக் கடிதத்தையே மனுவோட வெச்சுடுவேன். உங்களை மிரட்டறேன்னு நினைச்சுக்கோங்கோ, நினைச்சா நினைச்சுட்டுப் போங்கோ.

ஸ்ரீரஞ்சனி

தி. நகர்
9 செப்டம்பர் 2025

மேடம்,

இதோட நோட்டரி முத்திரை போட்ட வாக்குமூலம் இருக்கு. கூடவே ஒரு நோட்டு. சட்டைப்பைக்குள்ள அடங்குற அளவு, நீல அட்டை. வாயால சொன்ன கோளாறையெல்லாம் மறந்துடக் கூடாதுன்னு எனக்காக நான் குறிச்சு வச்ச நோட்டு. தேதி, வண்டி, என்ன பழுது, எல்லாம் இருக்கு. அப்பவே பேனாவால எழுதினது. இப்ப உக்காந்து எழுதினதுன்னு யாரும் சொல்ல முடியாது. முள்ளு விஷயம் மட்டும் பத்தொன்பது இடத்துல வருது.

வீட்டுல சொல்லிட்டேன். அனுப்பிரியாதான் ‘போட்டுடுங்கப்பா, இதை வச்சுக்கிட்டு எப்படி என் கல்யாணத்துல நிப்பீங்க’ன்னா. மச்சினனுக்குக் கோபம். ஏற்கெனவே என் மேல காண்டுல இருக்கான். லிஃப்டுக்குன்னு நான் ஒரு புத்தகம் போட்டிருக்கேன். சின்ன சத்தம் வந்தாலும் எழுதுவேன், எழுதினா நிறுத்துவேன். ஆடித் தள்ளுபடி அன்னைக்கு நிறுத்திட்டேன். ‘மாமா, நாலு மாடிக் கூட்டத்தை நீ முதுகுல சுமப்பியா?’ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினான். கத்தட்டும்னு நின்னேன்.

வியாழக்கிழமை காலையில நடந்ததையும் சொல்லணும். வாக்குமூலத்துல இருக்கு, ஆனா நீங்க என் வாயாலயே கேக்கணும். சார் சக்கரத்துக்குப் பக்கத்துல நின்னு பதிவேட்டை இறக்கைக்குக் கீழ இருந்த பெட்டி மேல வச்சார். பேனா மூடியைத் திறந்தார். ‘அண்ணா, நேத்து ரெண்டு தடவை விழுந்தது, இன்னிக்கு எழுதிடறேன்’னார். நான் புத்தகத்து மேல கையை வச்சேன். ‘வேண்டாம் சார். போயிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை நீங்க ஊருக்குக் கிளம்பினதும் நானே எழுதி எஞ்சினைத் திறந்துடுறேன்’னேன். சார் என்னையும் பார்த்தார், அந்தப் பெருசையும் பார்த்தார். ‘நீங்க சொன்னா சரி’ன்னு பேனாவை மூடிட்டார்.

பதினெட்டு நிமிஷத்துல முள்ளு விழுந்துச்சு. அந்த ஒரு தடவைதான் அது நிஜம் சொல்லுச்சு. சார் கண்ணாடியைத் தட்டிப் பார்த்திருப்பார். தட்டச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த நாலு நிமிஷமும் சார் அஜாக்கிரதையா இல்லை மேடம், என்னை நம்பிக்கிட்டு இருந்தார்.

வைரவன்

மயிலாப்பூர்
15 செப்டம்பர் 2025

வைரவன் அவர்களுக்கு,

உங்க கடிதத்தை மாமனாருக்குப் படிச்சுக் காட்டினேன். ‘பேனாவைத் திறந்தானா?’ன்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் எழுந்து போய் வத்சன் படத்தைத் துடைச்சார். ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் அதுக்குக் கிட்டக்க போனார்.

ஆனா நான் ஏமாறத் தயாரா இல்லை. நோட்டை ஒவ்வொரு பக்கமாப் பார்த்தேன். நவம்பர் இருபத்தொண்ணு இருக்கு. இருபத்து மூணு இருக்கு. புதன்கிழமை, இருபத்து ரெண்டு, இல்லை. தையல் ஓரத்துல காகிதம் பிசிறு பிசிறா நிக்கறது. கிழிச்சிருக்கேள், அதுவும் புதுசாக் கிழிச்சிருக்கேள், ஓரம் இன்னும் வெள்ளையா இருக்கு.

அனந்தராமன் மாமா தலையில கையை வெச்சுண்டுட்டார். விபத்துக்கு முந்தின நாள் பக்கத்தையே கிழிச்சுட்டு நோட்டைக் குடுத்தா, எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார், மொத்த நோட்டும் குப்பைக்குப் போயிடும்னார். இவ்வளவு எழுதிட்டு எதை ஒளிச்சேள்? யாரைக் காப்பாத்தறேள்? கூப்பிட்டுச் சொன்னாரே ஒருத்தர், அவரையா? இல்லை, உங்களையேவா?

நம்பினேன், ஏமாத்தினேள். திரும்பவும் கொஞ்சம் நம்பலாமான்னு பார்த்தேன், திரும்பவும் ஏமாத்தறேள். அந்தப் பக்கம் எனக்கு வேணும். ஒரு வரி விடக் கூடாது.

ஸ்ரீரஞ்சனி

தி. நகர்
20 செப்டம்பர் 2025

ரஞ்சனித் தங்கச்சி,

திட்டினாலும் பரவாயில்லை, இந்த ஒரு கடிதத்துல அப்படிக் கூப்பிட்டுக்குறேன்.

அந்தப் பக்கத்தை எரிச்சுடலாம்னுதான் கிழிச்சேன். தீப்பெட்டியை எடுத்துட்டு எரிக்க மனசு வரலை. நான் யாரையும் காப்பாத்தலை. என்னைக் காப்பாத்திக்க அந்தப் பக்கத்தைக் காட்டணும்னா ரெண்டு வருஷம் முன்னாடியே காட்டியிருக்கலாம், எனக்கு அதுல கொஞ்சம் நியாயம்கூடக் கிடைச்சிருக்கும். அதனாலதான் காட்டலை. வாக்குமூலத்துல அதைப் பத்தி எழுதலை, எழுதவும் மாட்டேன்னு இருந்தேன். வக்கீல்கிட்ட சொல்லி வேற வழி பாருங்கன்னு கெஞ்சலாம்னு நினைச்சேன். நாள் இல்லை. நீங்களும் ஒரு வரி விடக் கூடாதுன்னுட்டீங்க.

உங்க மேல ஒரு தப்பும் இல்லை. படிக்கிறதுக்கு முன்னாடி இதைத் திரும்பவும் ஒரு தடவை படிங்க. கையை வச்சது நான்.

பக்கம் உள்ள இருக்கு. எழுத்து கலைஞ்சிருக்கும், அதனால கீழ எடுத்து எழுதியும் இருக்கேன்.

‘22.11. புதன். இடது எண்ணெய் முள், இரண்டு முறை. போன வாரத்தைவிட மோசம். இனி பொய் இல்லை என்று தோன்றுகிறது. நாளை காலை எழுதி வண்டியை நிறுத்த வேண்டும். சாரிடம் சொல்லணும்.

மாலை 4.10. ரஞ்சனி தங்கச்சி போன். ஞாயிறு சீமந்தம். சார் இல்லாமல் நடக்காது. எப்படியாவது வெள்ளிக்குள் அனுப்பி வைக்கச் சொல்லுது. அழுதுச்சு.

நாளை எழுதினால் வண்டி நிற்கும், சார் ஓட்டம் சனிக்குப் போகும். லீவு போகும். வெள்ளி எழுதலாம்.’

வைரவன்

மயிலாப்பூர்
29 செப்டம்பர் 2025

வைரவன் அவர்களுக்கு,

மனு இன்னிக்குக் காலையில தாக்கல் ஆயாச்சு. ஒரு நாள் மிச்சம் இருந்தது.

அந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் குடுத்தேன். அனந்தராமன் மாமா ரொம்ப யோசிச்சார். ‘வேணும்னா நடுப் பத்தியை மறைச்சு நகல் எடுக்கலாம்மா, உன் பேரு எதுக்கு’ன்னார். வேண்டாம்னேன். ஒரு வரி விடக் கூடாதுன்னு சொன்னவள் நான்தானே?

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கோ. நான் போன் பண்ணினது எனக்கு மறந்துபோச்சுன்னா நினைச்சேள்? வளையல் கடையில வத்சன்கிட்ட பேசிட்டு ஆத்துக்கு வந்தேன். அவர் குரல்ல ஏதோ இழுப்பு இருந்தது, வர மாட்டாரோன்னு பயம். உங்களுக்கு அடிச்சேன். ‘அண்ணா, உங்க தங்கச்சி சீமந்தம்னு நினைச்சு அனுப்பி வைங்கோ’ன்னு அழுதேன். நீங்க ‘நான் பார்த்துக்குறேன், நீ சாப்பிட்டியா?’ன்னு கேட்டேள். அந்த ரெண்டு நிமிஷத்தை ரெண்டு வருஷமா தினமும் கேட்டுண்டிருக்கேன். அதுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு யாராவது சொல்ல மாட்டாளான்னு இருந்தது. உங்களை விரட்டி விரட்டி எழுத வெச்சதே அதுக்குத்தான்னு இப்போ தோணறது. தப்பு முழுக்க உங்களோடதுன்னு உங்க கையாலயே எழுதி வாங்கிட்டா எனக்குத் தூக்கம் வரும்னு நினைச்சேன். நீங்க இல்லாத காரணம் ஆறு எழுதினேள்னு சிரிச்சேனே, நான் இல்லாத காரணத்தை நானும் தேடிண்டுதான் இருந்திருக்கேன்.

மனு போடறதுக்கு முன்னாடி, நேத்திக்கு, அடையாறு போனேன். உங்க வாக்குமூலத்தையும் அந்தப் பக்கத்தையும் ஜஹனாராவுக்குப் படிச்சுக் காட்டினேன், என் போனையும் சேர்த்து. ஹம்சினி அவ மடியில போய் உட்கார்ந்துண்டு பிஸ்கட் கேட்டது, எடுத்துக் குடுத்தா. கிளம்பறப்போ வாசல் வரைக்கும் வந்து, ‘உங்க வீட்டுக்காரர் பேனாவைத் திறந்தாரா?’ன்னு கேட்டா. திறந்தார்னேன். ‘அப்ப அவர் பார்த்திருக்கார்’னா. கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி என் கையை ஒரு தடவை பிடிச்சா. அந்த ரெண்டு வார்த்தையை எவா எடுத்தாலும் எடுக்காட்டாலும், அவ மனசுலேர்ந்து எடுத்தாச்சு.

உங்களை மன்னிச்சுட்டேன்னு எழுத வரலை. எழுதிப் பார்த்தேன், பொய்யா இருந்தது. நீங்க என்னைக் காப்பாத்தறேன்னு அந்தப் பக்கத்தைக் கிழிச்சேள். அன்னிக்கும் எனக்கு நல்லது பண்றேன்னுதான் புஸ்தகத்து மேல கையை வெச்சேள். உங்க நல்லதுக்கு நான் குடுத்த விலை போதும்.

தாக்கல் பண்ணின கையோட உங்க கடைக்கு வந்தேன். நேர்ல பார்த்துச் சொல்லணும்னு ஒரு வீறாப்பு. லிஃப்ட் வாசல்ல அட்டை தொங்கறது. ‘பழுது. ஏற வேண்டாம். வைரவன்.’ நவராத்திரிக் கூட்டம், ஆளாளுக்குப் பையும் குழந்தையுமா உங்களைத் திட்டிண்டே படியேறறா. சுரேஷ்குமார் கல்லாவுல உட்கார்ந்து தலையில அடிச்சுண்டிருந்தார். நானும் ஹம்சினியை இடுப்புல வெச்சுண்டு நாலு மாடி ஏறினேன். மேலே நீங்க முழங்கால் போட்டு உட்கார்ந்து, புஸ்தகத்துல என்னமோ எழுதிண்டிருந்தேள். தலை முழுக்க நரைச்சுப் போச்சு. கூப்பிடலை. அப்படியே இறங்கி வந்துட்டேன்.

வழியெல்லாம் அந்த அட்டைதான் கண்ணுல நின்னது. நாலே வார்த்தை. ஒரு லிஃப்டுக்காக ஊரே திட்டினாலும் எழுதி மாட்டிட்டு நிக்கறேள்.

அன்னிக்கும் எழுதியிருக்கலாமே, அண்ணா.

ஸ்ரீரஞ்சனி